ஏர்வெல்லுக்குள் இறங்கிய வெயில்

ஒவ்வொரு ஏப்ரலிலும் வானிலை அறிக்கையின் கடைசியில் ஒரு வரி வரும். சூரியனின் வடதிசை நோக்கிய நகர்வு காரணமாக இன்று நண்பகல் இன்ன நேரத்துக்கு இன்னின்ன ஊர்களுக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று சொல்லி, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். மரண அறிவித்தல் வாசிக்கிற அதே குரல். பெயர் வாசிக்கப்பட்ட ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை. எழுந்து நிற்பதா, குடை பிடிப்பதா, ஒரு நாளைக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விடுவதா?

நான் அந்த வரியை எனக்கென்றே வாசிக்கப்படுவதாக எடுத்துக்கொள்கிறவன். காரணம் என் தலை. முப்பது வயதில் நெற்றியிலிருந்து பின்வாங்கத் தொடங்கிய மயிர், இப்போது இரண்டு காதுகளுக்கு மேலும் ஆளுக்கொரு சிறிய முகாம் அடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. நடுவில் உள்ள பெருநிலம் முழுவதும் வெளி. ஆகவே சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வருகிறது என்று சொன்னால், அது வெள்ளவத்தையில் வேறு எவரையும் விட எனக்குத்தான் சொல்லப்படுகிறது.

சூரியன் தினமும் மத்தியானம் தலைக்கு மேலே வருகிறது என்றுதான் அநேகமானோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. பார்த்தாலும் கண் கூசும், தும்மல் வரும். உண்மையில் கொழும்புக்கு அது வருடத்தில் இரண்டே தரம்தான் நேர் மேலே வருகிறது. வடக்கே போகும்போது ஏப்ரல் முதல் கிழமையளவில் ஒரு தரம், திரும்பித் தெற்கே போகும்போது செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு தரம். மற்ற நாட்களில் கொஞ்சம் சரிந்து நின்று, செய்கிற வேலையைச் செய்துவிட்டுப் போய்விடும். தெய்வேந்திரமுனையில் நாட்டுக்குள் நுழைந்து பருத்தித்துறையால் வெளியேற அதற்குப் பத்து நாள் எடுக்கிறது. யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸை விட மெதுவு. ஆனால் இடையில் தேத்தண்ணிக்கு நிறுத்துவதில்லை.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் போன ஒரே ஒரு விஷயத்தால்தான் எட்டு மாடிச் சனத்தின் முன்னால் என் பெயர் சிரிப்பாய்ச் சிரித்தது.

எங்கள் பிளட் வீடு, கட்டடத்தின் பின்பக்கத்தில், முதல் மாடியில் இருக்கிறது. வாங்கும்போது, கடற்கரைக்கு நடந்து போகிற தூரம் என்றார்கள். பொய் இல்லை. கடற்கரைக்கு நடந்து போனால்தான் அங்கே சூரியன் என்று ஒன்று இருப்பதே தெரியும். எங்களுக்குக் கிடைத்தது குசினிக் கதவைத் திறந்தால் வருகிற ஏர்வெல். கட்டடத்தின் நடுவில் மேலிருந்து கீழ் வரை போகிற ஒரு சதுரக் கிணறு. அதன் அடித்தளம் எங்களுடைய முற்றம். கைகள் இரண்டையும் விரித்தால் இரண்டு சுவர்களும் முட்டும். மேலே ஏழு மாடிகளின் குசினி ஜன்னல்கள், ஏழு மாடிகளின் உடுப்புக் கொடிகள், அவற்றுக்கும் மேலே கைக்குட்டையளவு வானம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று வைத்த வழி அது. எங்களுக்கு வந்து சேர்ந்தவை ஏசி சொட்டுகிற தண்ணீரும் எவரெவர் வீட்டில் என்ன குழம்பு என்ற செய்தியும்தான்.

அந்த வருடம் கனடாவில் இருக்கும் எங்கள் மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். அவள் அங்கே போனதிலிருந்து எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் அப்பா பொருளோடு விளக்கத்தையும் சேர்த்து அனுப்புவார் என்ற பயமாக இருக்கலாம். அப்படிப்பட்டவள் ஒரு நாள் தாயிடம் வேப்பம்பூ வடகம் கேட்டாள். கடையில் விற்கிற வடகம் இல்லை, அம்மா கையால் செய்தது. சொல்லிவிட்டு அழுதாளாம். வடகத்துக்கு யாராவது அழுவார்களா என்று நான் கேட்டதற்கு, உங்களுக்குப் பிள்ளை வயிற்றில் இருந்ததோ என்று மனைவி கேட்டாள். என் வயிற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

பிள்ளைப்பேறு பார்க்க மனைவி புத்தாண்டுக்கு முந்தின சனிக்கிழமை கனடாவுக்குப் பறப்பதாக இருந்தது. அவள் மட்டும். எனக்கு விசா கிடைக்கவில்லை. நான் போனால் திரும்பி வரமாட்டேன் என்று அந்த நாட்டு அதிகாரி நினைத்துவிட்டார். என் மனைவியைக் கேட்டிருந்தால், அப்படியொரு அதிர்ஷ்டம் தனக்கு இல்லை என்று உறுதி கொடுத்திருப்பாள். ஆகவே பேரப்பிள்ளை பிறக்கிற நேரம் என் சார்பில் அங்கே இருக்கப்போவது வடகம்தான். அது காய்ந்தே ஆக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியின் தங்கை வேப்பம்பூவை அனுப்பிவிட்டாள். உழுந்து வாங்கிவைத்தாயிற்று. வெயில் மட்டும்தான் பாக்கி. கடற்கரையில் காயவைத்தால் வெள்ளவத்தைக் காகங்கள் கல்யாண வீட்டுப் பந்தி என்று நினைத்துவிடும். கொட்டாஞ்சேனையில் மச்சான் வீட்டு முற்றத்தில் நல்ல வெயில் இருந்தது. ஆனால் அங்கே பக்கத்து வீட்டார் நெத்தலி காயப்போடுவார்கள். வேப்பம்பூ வடகம் நெத்தலி வாசத்தோடு விமானம் ஏறுவதை மனைவி விரும்பவில்லை. மிஞ்சியது எங்கள் மொட்டைமாடி. அதன் கதவைப் பூட்டித் திறப்பைத் தன்னிடம் வைத்திருந்தார் கட்டடக் கொமிட்டித் தலைவர்.

தலைவர் எட்டாம் மாடி. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு பெட்டகத்தைப் பூட்ட முடியாத குறையை மொட்டைமாடியைப் பூட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் அங்கே சோலார் பனல்கள் பூட்டியதிலிருந்து, மேலே விழுகிற வெயில் முழுவதும் கொமிட்டியின் சொத்து.

"அண்ணை, மொட்டைமாடித் திறப்பு ஒரு மூண்டு நாளைக்கு வேணும்."

"என்னத்துக்கு?"

"வடகம் காயப்போட."

"ஐசே, மேல என்ன இருக்கெண்டு தெரியுமோ உமக்கு? பனல். அதில ஒரு காகம் குந்தினாலே எனக்கு ஃபோனில தெரியும். நீர் வடகத்தைக் கொண்டுபோய் வைச்சால் காகமெல்லாம் கொமிட்டி மீட்டிங்குக்கு வந்தமாதிரி வரிசையா வந்து குந்தும்."

"கொமிட்டி மீட்டிங்குக்கு ஒருத்தரும் வாறேல்லையே அண்ணை."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து நின்று விதியைச் சொன்னார். தண்ணீர்த் தாங்கி பார்க்கிறவன், பனல் துடைக்கிறவன், இந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் மேலே போக முடியாது. ஜனாதிபதி வந்தாலும் முடியாது. ஜனாதிபதி வடகம் காயப்போட எங்கள் கட்டடத்துக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன்.

அன்று இரவுச் செய்தியின் கடைசியில்தான் அந்த வரி வந்தது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பன்னிரண்டுக்குக் கொழும்புக்கு நேர் மேலே. நான் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தேன். கிணற்றின் அடிக்கு வெயில் வருவதற்கு என்ன வேண்டும்? சூரியன் கிணற்றுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். நிற்கப்போகிறது! கொமிட்டியாவது திறப்பாவது.

மனைவிக்கு விளங்கப்படுத்துவதற்காகக் குசினி மேசையில் ரைஸ் குக்கரைச் சூரியனாகவும் ஒரு தோடம்பழத்தைப் பூமியாகவும் வைத்தேன். தோடம்பழத்தின் நடுவில் பேனையால் கோடு போட்டு, அதற்கு மேலும் கீழுமாக இன்னும் இரண்டு கோடுகள் போட்டேன்.

"இந்த ரெண்டு கோட்டுக்கும் இடையில இருக்கிற சனத்துக்குத்தான் சூரியன் தலைக்கு மேல வரும். நாங்கள் இஞ்ச. மகள் இருக்கிறது இதுக்கு எவ்வளவோ மேல. அவளுக்கு ஒரு நாளும் வராது. ஆடி மாசத்திலகூட வராது. பாவம்."

"பாவம்தான். சூரியனை ஒருக்கா எடுங்கோ, சோறு போடவேணும்."

"செவ்வாய்க்கிழமை இஞ்ச நேரா இறங்குமப்பா. எங்கட முற்றம் முழுக்க வெயில்."

அவள் அரிசியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அது எவ்வளவு நேரம் நிக்கும்?"

"எது?"

"உங்கட சூரியன்."

"உச்சத்துக்கு வந்தது உடன போகுமே? ஒரு மூண்டு மணித்தியாலமாவது நிக்கும்."

"ஏன், அதுக்கு அங்க கதிரை போட்டிருக்கோ?"

இந்தக் கேள்விக்கு நான் அப்போதே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். தோடம்பழம் கையில் இருந்தது. நான் அதை உரித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த பிரச்சினை கொடிகள். ஏழு மாடியின் உடுப்புகளைத் தாண்டி எந்தச் சூரியனும் எங்களிடம் வந்து சேராது. மூன்றாம் மாடி அன்ரியிடம் முதலில் போனேன். ஏர்வெல்லில் மிகப் பெரிய கொடி அவருடையது.

"தம்பி, செவ்வாய்க்கிழமை நான் உடுப்புத் தோய்க்கிற நாள்."

"ஒரு நாளைக்கு மாத்துங்கோ அன்ரி. சூரியன் வருது."

"சூரியன் நெடுகலும்தானே வருது."

"இந்தக் கிணத்துக்குள்ள வாறேல்லை."

"வந்தால் நல்லதுதானே. என்ர உடுப்பும் காயும்."

வானியலில் தோற்றுப்போய், மகளுக்கு ஏழு மாதம், வடகம் கேட்டு அழுதாள் என்று உண்மையைச் சொன்னேன். அன்ரி நான் பார்த்துக்கொண்டிருக்கவே கொடிக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். பின்னேரத்துக்குள் எட்டு மாடிக்கும் செய்தி போய்விட்டது. ஐந்தாம் மாடிச் சிங்களப் பெண் எங்கள் கட்டடத்தின் வட்ஸ்அப் குழுவில் மூன்று சூரியன் படங்களும் ஒரு கர்ப்பிணியின் படமும் போட்டார். தலைவர் மட்டும் ஒன்றும் போடவில்லை. பார்த்ததற்கு அடையாளமாக நீலச் சரி மட்டும் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மனைவி உழுந்தை அரைத்து, வேப்பம்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் எல்லாம் போட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன வட்டமாகத் தட்டி நாலு சுளகில் அடுக்கினாள். நான் நாலு சுளகையும் முற்றத்தில் பரப்பிவைத்தேன். மகள் ஃபோனில் இருந்தாள். அங்கே நடுச்சாமம். ஆனால் அவளுக்கு இப்போதெல்லாம் நித்திரை வருவதில்லை. ஃபோனைக் குசினி ஜன்னலில் சாய்த்துவைத்தோம்.

பதினொன்றரைக்குப் பிறகு கிணற்றின் மேற்குச் சுவரில் வெயில் தெரிந்தது. எட்டாம் மாடியில் ஒரு மஞ்சள் துண்டு. அது மெல்ல மெல்ல ஏழாம் மாடிக்கு இறங்கியது. ஒவ்வொரு மாடிக் குசினியிலும் சமையல் நின்றது. வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

"எங்களைத் தாண்டிட்டுது!" என்று ஆறாம் மாடியிலிருந்து ஒரு குரல்.

"ஷோக் அய்யே, ஷோக்!" என்று சிங்களத்தில் மெச்சியது ஐந்தாம் மாடி.

"தம்பி, என்ர ஜன்னல் கம்பியில நிக்குது. வாறார், வாறார்!" என்றார் மூன்றாம் மாடி அன்ரி. கோயிலில் சாமி வெளிவீதி வருகிறபோதும் அவர் இவ்வளவு பக்தியோடு சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சுளகுகளுக்கு நடுவில் போய் நின்றேன். நேர் மேலே சூரியன் வந்தால் ஆளின் நிழல் காலடிக்குள் சுருங்கி மறைந்துவிடும் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன். வெயில் சுவரிலிருந்து நிலத்தில் காலை வைத்தது. சுளகின் ஒரு ஓரம் பளிச்சென்றது. என் மொட்டையில் யாரோ சூடான கையை வைத்தது போல் இருந்தது. குனிந்து பார்த்தேன். நிழல் மறையவில்லை. வண்டி என்று எங்கள் பக்கம் சொல்கிற என் தொந்தியின் நிழல், பாதம் இரண்டையும் மூடிக்கொண்டு நன்றாக உருண்டு திரண்டு கிடந்தது.

"அப்பா, நிழல் இருக்கே?" என்றது ஃபோன்.

"அது நிழல் இல்லைப் பிள்ளை, உங்கட அப்பான்ர வண்டி" என்றாள் மனைவி.

அதற்குள் இன்னொன்றைக் கண்டேன். வடகத்தின் மேல் வட்டம் வட்டமாக இருட்டு. ஒன்று, இரண்டு அல்ல. சுளகு முழுவதும். மேகமாக்கும் என்று அண்ணாந்தேன். மேகம் இல்லை. தலைகள். ஏழு மாடி ஜன்னல்களிலிருந்தும் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக, வெயில் கீழே வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, மொட்டைமாடி விளிம்பிலிருந்து இன்னும் ஒரு தலை. திறப்புக்காரரின் தலை. அவரும் என் கட்சி, மயிர் இல்லை. அதனால் சுற்றிவர ஒளிவட்டத்தோடு ஓர் அவதார புருஷர் போலத் தெரிந்தார்.

"தலையை உள்ளுக்கு எடுங்கோ!" என்று கத்தினேன். "வெயிலை மறைக்கிறியள்!"

"என்னவாம்?"

"தலையை எடுக்கட்டாம்!"

"ஆற்ற தலையை? என்ர தலையையோ?"

இந்தச் செய்தி மாடி மாடியாக மேலே போக நேரம் எடுத்தது. மூன்றாம் மாடி சொல்லி நாலாம் மாடி கேட்டு, ஐந்தாம் மாடிக்குச் சிங்களத்தில் சொல்லி, ஒவ்வொருவரும் தலையை உள்ளே இழுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒருதரம் எட்டிப் பார்த்து, கடைசித் தலையும் உள்ளே போய் முடிய, சுளகைப் பார்த்தேன். வெயில் அங்கே இல்லை. கிழக்குச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் குசினிக் கதவின் மேல்சட்டத்தைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் மனைவியின் கேள்வி எனக்கு விளங்கியது. சூரியன் நேர் மேலே வருகிறது என்றால், வந்து குந்துகிறது என்று அர்த்தம் இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் நம்மைத் தாண்டிப் போகிறது, அவ்வளவுதான். உச்சியில் நிற்கிறபோது ஓடுகிறதை நிறுத்தும் என்று எனக்கு யார் சொன்னது? மூன்று மணித்தியாலம் என்று நான் வாக்குக் கொடுத்த வெயில், ஒரு தேத்தண்ணியை ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட முழுசாக நிற்கவில்லை. நின்ற நேரத்திலும் பாதியைத் தலைகள் குடித்துவிட்டன.

மேலே தலைகள் மறுபடியும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"இஞ்சேருங்கோ" என்றாள் மனைவி, மிகவும் மரியாதையாக. "மற்றப் பக்கம் திருப்பிப் போடட்டோ, இல்லாட்டி செப்டெம்பர் மட்டும் பொறுக்கட்டோ?"

ஃபோனிலிருந்து மகள் சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "அப்பா, எனக்கு இப்பவே பிள்ளை பிறந்திடும் போல கிடக்கு" என்றாள். அவளோடு சேர்ந்து மூன்றாம் மாடி சிரித்தது, நாலாம் மாடி சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. ஆனால் மனைவி குனிந்து ஒரு வடகத்தை விரலால் தொட்டுப் பார்த்தபோது முகம் மாறியது. ஈரமாகவே இருந்தது. இன்னும் ஒரு நாள் இப்படியே கிடந்தால் உழுந்து புளித்துவிடும். மகளும் அதைக் கண்டிருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு, "பரவாயில்லை அம்மா, வடகம் வேண்டாம், நீங்கள் வந்தால் காணும்" என்றாள். எனக்கு அதற்கு முந்திய சிரிப்பே நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தலைவர். கையில் ஃபோன். நேராக என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"பாரும் ஐசே, பன்னிரண்டு பன்னிரண்டுக்கு எங்கட பனல் எவ்வளவு குடுத்திருக்கெண்டு. இந்த வருஷத்திலயே இதுதான் கூட. உம்மட சூரியன் உமக்கு ஒண்டும் தரேல்லை, எனக்குத் தந்திட்டுது."

பிறகு அவருடைய கண் சுளகில் விழுந்தது. குனிந்து மணந்து பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார், ஜன்னலில் இருந்த ஃபோனைப் பார்த்தார்.

"விதி விதிதான்" என்றார். "தாங்கி பார்க்கிறவனும் பனல் துடைக்கிறவனும்தான் மேல போகலாம்."

"சரி அண்ணை."

"பனல் துடைக்கிற பெடியன் வராமல் ரெண்டு மாசம். கண்ணாடியெல்லாம் காகப் பீ. துடைச்சால் இன்னும் கூடத் தரும்." தொண்டையைச் செருமினார். "துடைக்கிற ஆள் தன்ர சாமானைப் பக்கத்தில வைச்சிருந்தால் அதைப் பற்றி விதியில ஒண்டுமில்லை."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. மனைவிக்கு அதுவும் எடுக்கவில்லை. வாளியையும் பழைய துவாயையும் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டாள்.

அப்படித்தான் நான் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கொழும்பு நகரத்தின் உச்சி வெயிலில், நிழல் என்று சொல்ல என் வண்டியின் நிழலைத் தவிர வேறொன்றும் இல்லாத மொட்டைமாடியில், முழங்காலில் நின்று காகப் பீ சுரண்டினேன். சூரியன் அதற்குள் கொஞ்சம் வடக்கே போயிருந்தது. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் உச்சம் கொடுக்கிறது என்று செய்தியில் வாசித்தார்கள். என் மொட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கையால் துடைத்து, மறு கையால் காகம் கலைத்து, பின்னேரம் இடி முழங்கினால் நாலு சுளகையும் தூக்கிக்கொண்டு படியால் ஓடி இறங்கி, ஒருதரம் நனைந்து, இரண்டுதரம் வழுக்கி விழுந்தேன். தலைவர் படிக்கட்டு வாசலுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்து ஃபோனைப் பார்த்து, "அந்த மூலை இன்னும் சரியில்லை ஐசே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தொப்பி ஒன்று கொண்டுவந்து தந்தார். அப்போது தொப்பி வைக்கத் தலையில் இடம் இல்லை, முழுவதும் கொப்புளம்.

வெள்ளி பின்னேரம் வடகங்கள் கலகலவென்று காய்ந்திருந்தன. ஒரு பிடியைத் தலைவருக்குக் கொடுத்தோம். ஒரு பிடி மூன்றாம் மாடிக்கு. மிச்சத்தை மனைவி தன் சேலைகளுக்கு நடுவில் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தி, சனிக்கிழமை விமானம் ஏறினாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து, தலைக்கு ஏதாவது பூசுங்கோ என்றாள். முப்பது வருடக் கல்யாணத்தில் என் தலைக்கு நேரடியாகக் கிடைத்த அன்பான வார்த்தை அதுதான்.

ஞாயிறு கழிந்து ஃபோன் வந்தது. மகள் பேசவில்லை. முதலில் 'கறுக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு இன்னொன்று.

"எப்பிடிப் பிள்ளை?"

"நல்லாயிருக்கப்பா." கறுக். "கொஞ்சம் உப்புத்தான் கூட."

"அது உப்பில்லை. என்ர வேர்வை."

"சீ!" என்றாள். ஆனால் சத்தம் நிற்கவில்லை. கறுக், கறுக். "ஃபோனைக் கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ அப்பா. உங்கட தலையைக் காட்டுங்கோ."

காட்டினேன். கடிக்கிற சத்தம் நின்றது.

"அம்மா, ஓடி வாங்கோ" என்று அங்கே கூப்பிட்டாள். "அப்பா ஒரு வடகத்தைத் தன்ர தலையிலயும் பொரிச்சு வைச்சிருக்கிறார்."